கடைக்குட்டி

கேட்டின் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் கைபட்டுத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. உள்பக்கத்தில் அதே தாழ்ப்பாளின் பிடி துருவேறிக் கிடந்தது. பிடிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சிலந்தி நிம்மதியாக வலை கட்டிக் குடியிருந்தது.

கம்பி இடுக்கு வழியாக அவன் இதைப் பார்த்தான். பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. இனநாய்ச் சங்கத்தில் பதினாறு வருஷமாக அளவெடுக்கிற வேலை. தோள் உயரம், மார்புச் சுற்று, தாடை நீளம், எல்லாவற்றையும் அளந்து பதிவேட்டில் ஏற்றுவான். ஆபீஸில் அவனுக்கு 'டேப்பு' என்றுதான் பெயர். எதிரே வருகிற மனுஷனைக்கூட முதலில் தோளிலிருந்து தரைவரை கண்ணால் அளந்துவிட்டுத்தான் வணக்கம் சொல்லுவான் என்று கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவனுக்கு இந்தத் தாழ்ப்பாள் உறுத்தியது. உள்ளே போகிற ஆள் வெளியேயும் வந்துதானே ஆகவேண்டும்? பின்பக்கம் வேறு வழி இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மணி மூன்றுதான். ஆனாலும் பனி, ஊற்றிவிட்ட பால் மாதிரி மேய்ச்சல் நிலம் பூராவும் நின்றது. கேட்டுக்கு வெளியே ஒரு மின்கம்பம் கம்பியில்லாமல் நட்டது நட்டபடி இருந்தது. காருக்குத் திரும்பி, சார்ஜில் சொருகியிருந்த போனை எடுத்து வீட்டுக்குப் பேசினான்.

"வந்து சேர்ந்துட்டேன். பால் கூட்டுறவு போர்டு தாண்டி இடதுபக்கம் மண்ரோடு, அது முட்டுற இடம்."

"எனக்கு எதுக்கு வழி சொல்றீங்க? நானா வரப்போறேன்?" என்றாள் மனைவி.

"வண்டி மக்கர் பண்ணினா நீதானே ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு வரணும். ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொன்னா செக்ரட்டரி தன் பேரைப் போட்டுக்குவாரு."

அதற்குள் ஆறு வயது மகள் போனைப் பிடுங்கியிருந்தாள். "அப்பா, பெரிய நாயைப் பார்த்துட்டீங்களா? நான் வந்திருந்தா பயப்படவே மாட்டேன்."

"ஆமா ஆமா. பல்லியைப் பார்த்தா 'அம்மா அம்மா'ன்னு வீட்டையே ரெண்டாக்குறவ நீ."

"அம்மா மட்டும் பயப்படலையாக்கும்?"

"உங்க அம்மாவுக்குப் பயம் வந்தா வாய் கட்டிப்போயிடும். ஒரு சத்தம் வராது. உனக்கு வாய் மட்டும்தான் வரும்."

"போங்கப்பா!"

"நீ தூங்குறதுக்குள்ள வந்துடுவேன் பாப்பா. சத்தியமா." சிரித்துக்கொண்டே போனைக் காரிலேயே வைத்துவிட்டு, அளவுகோலையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

இந்தப் பண்ணையின் நாய்கள் பதிவேட்டில் கடைசியாக வந்தது எண்பது வருஷத்துக்கு முன்பு. பண்ணைக்காவல் பெருநாய் இனத்தில் கலப்பில்லாத ரத்தம் என்று ஒரே ஒரு வரி, மங்கின ஒரு போட்டோ. அந்த இனத்தின் கதை அவனுக்குத் தூக்கத்திலும் ஒப்பிக்க வரும். சண்டைக்கென்று கப்பலில் கொண்டுவந்த கனத்த நாய்களையும் மந்தைக்காரர்களின் மெலிந்த நாய்களையும் சேர்த்து உண்டானது. ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் ஒரு நாள் நடை. ஆண்கள் மந்தையோடு மாசக்கணக்கில் போய்விடுவார்கள். வீட்டில் பெண், பிள்ளைகள், ஒரு நாய். காரணமில்லாமல் குரைத்த நாயைச் சுட்டார்கள். குழந்தையைக் கடித்த நாயைச் சுட்டார்கள். சுடாமல் விட்டது எதுவோ அதுதான் இனம். அதனால்தான் அது வெறுமனே குரைக்காது. தானே யோசித்து முடிவெடுக்கும். அதன் முடிவை யாரும் மாற்ற முடியாது. அன்னியனை உள்ளே விட்டாலும் விடும், வெளியே மட்டும் விடாது என்று பழைய குறிப்பு ஒன்றில் உண்டு. அதைப் படித்து அவன் ஒருமுறை சிரித்திருக்கிறான்.

கேட் அருகே நின்று, "சார்! யாருங்க வீட்டுல?" என்று மூன்று தடவை கூப்பிட்டான்.

நாய் வந்த சத்தமே கேட்கவில்லை. பனி கொஞ்சம் கெட்டியானது போலிருந்தது. அப்புறம் அதற்குக் கண் இருந்தது. இடுப்பு உயரம், வெளிறின மண் நிறம், தோல் தொங்கும் கழுத்து, மேலே கொப்பரை போன்ற தலை. குரைக்கவில்லை. உதடு மெதுவாக மேலே ஏறிப் பல் தெரிந்தது. முதுகு மயிர் வால்வரை வரிசையாக எழுந்தது. கையைத் தொங்கவிடு, கண்ணைப் பார்க்காதே, அசையாதே. தொழில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் ஞாபகம் வந்தது. அதே நேரம் முழங்காலுக்குப் பின்னால், வேலிக்கு வெளியே, சூடான மூச்சு ஒன்று பேன்ட் துணியில் பட்டது. இரண்டாவது நாய்.

"அம்மாடி!" என்று துள்ளிவிட்டான்.

முன்னால் நின்ற நாயின் முதுகு மயிர் அப்படியே படிந்தது. பல் மறைந்தது. வால் இரண்டு தடவை ஆடியது. கதவுக்காரன் மாதிரி அது ஒதுங்கி வழிவிட்டது. பின்னால் இருந்தது போன இடம் தெரியவில்லை.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே படிவத்தை எடுத்து, 'அன்னியரிடம்' என்ற கட்டத்தில் 'முதலில் கடுமை, பிறகு உடனடி இணக்கம்' என்று எழுதினான். அப்புறம் தாழ்ப்பாளைத் தொட்டான். வெண்ணெய் மாதிரி திறந்தது.

வீட்டு வாசற்படியில் நின்ற அம்மாளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். "வா, வா. பனியில நிக்காதே" என்றாள், அவன் வருவது முன்பே தெரிந்தது போல. உள்ளே நீள மேஜை. ஈரக் கம்பளி, மண்ணெண்ணெய், நாய், மூன்றும் கலந்து தொண்டையில் ஒட்டுகிற வாடை. மேஜையில் இரண்டு ஆண்கள் தலை நிமிராமல் ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் நரைத்தவன், சாயம் போன காக்கிச் சட்டை, ஒரு காலை நீட்டியபடி. இன்னொருவன் இளையவன், பால் கிண்ணத்தைப் பிடித்த வலது கையில் இரண்டு விரல்தான் இருந்தது.

"இவன் பெரியவன், அவன் சின்னவன்" என்றாள் அம்மாள். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துத் தூசி போகத் துடைத்து நாலாவதாக வைத்தாள். "நீ உட்காரு."

நல்ல மனுஷி என்று நினைத்தான். சின்னவன் மட்டும் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்காமல் ஷூவையே பார்த்தான்.

முற்றத்தில் நாயை அளந்தான். தோள் எழுபத்தெட்டு சென்டிமீட்டர். மார்பு நூற்றிரண்டு. இப்படியொரு தலையை அவன் உயிரோடு பார்த்ததில்லை. நாய் கோயில் காளை மாதிரி நின்று கொடுத்தது. ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் நடுவே தோளால் அவனை லேசாக இடித்து ஒரு அடி நகர்த்தியது. ஆறு அளவு முடிந்தபோது அவன் வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றான். கேட் இருந்த திக்கில் நாய் நின்றது. பிறகு அவன் காதை நக்கியது. பொறுமையாக, மடிப்பு மடிப்பாக, தாய் நாய் குட்டியை நக்குவதுபோல. அருவருப்பில் அவனுக்கு உடம்பு கூசியது.

"இதுக்கு யாரு பழக்கம் கொடுத்தது?" என்று அம்மாளிடம் கேட்டான்.

"இதுக்கு யாரும் கொடுக்கல. இதோட பாட்டிக்குப் பாட்டிக்குக் கொடுத்தது" என்றாள் அவள், படியில் உட்கார்ந்து கம்பளி சிக்கெடுத்தபடி. "இந்த வீட்டுல முதல்ல இருந்தவளுக்கு ஏழு பிள்ளைங்க. புருஷன் மந்தையோட போயிட்டான். இதே மாதிரி ஒரு பனியில கடைக்குட்டி கேட்டைத் திறந்துக்கிட்டு வெளியே போச்சு. கிடைக்கவே இல்ல. அதுக்கப்புறம் அவ நாய்க்குட்டிகளைப் பிள்ளைங்களோட ஒரே பாய்ல போட்டு வளர்த்தா. எந்தக் குட்டி பிள்ளையை வெளியே விட்டுச்சோ, அதைத் தண்ணித் தொட்டியில அமுக்கினா. விடாத குட்டியை வச்சுக்கிட்டா. அப்படி முப்பது ஈத்து."

அவன் விறுவிறுவென்று எழுதினான். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. "சரி, தன் வீட்டுப் பிள்ளை எதுன்னு நாய்க்கு எப்படித் தெரியும்? வாசனையா?"

அம்மாள் சிரித்தாள். "வாசனை மாறும்ப்பா. பிள்ளை வளரும், தாடி வைக்கும், ஊர் சுத்தும். வாயில வர்ற வார்த்தை மாறுமா?"

அவனுக்குப் புரியவில்லை. அதையும் எழுதிக்கொண்டான்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. "நேரமாச்சு, நான் கிளம்புறேம்மா" என்று எழுந்தான்.

அம்மாளின் கை கம்பளியில் நின்றது. "இன்னொரு தடவை சொல்லு."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. போய்ப் பாரு."

போய்ப் பாரு என்றாளே தவிர, போய்ட்டு வா என்று சொல்லவில்லை. கேட்டுக்கு முப்பது அடி. வேலி ஓரம் சின்னச் சின்னப் பாறைகள் கிடந்தன, வரும்போது அவன் கவனிக்காதவை. ஈரப் புல்லில் ஷூ வழுக்கியது. பின்னால் நகம் படும் சத்தம். நடையை எட்டிப் போட்டான். நகச் சத்தமும் எட்டிப் போட்டது. தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினான். சிலந்தி வலை விரலில் ஒட்டியது.

மணிக்கட்டை ஒரு வாய் கவ்வியது.

கடிக்கவில்லை. பல் தோலில் பதிந்து அங்கேயே நின்றது. வெதுவெதுப்பான எச்சில் சட்டைக் கைக்குள் வழிந்தது. "விடு! ஏய், விடு!" வேலி ஓரத்துப் பாறைகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஒன்று. மூன்று. ஏழு. எல்லாவற்றுக்கும் கண் இருந்தது. நாய் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தது, அவன் கையை வாயில் வைத்தபடி. சந்தையில் தொலையப்பார்த்த பிள்ளையை இழுத்துப் போகிற மாதிரி. அவன் நடந்தான்.

கேட்டுக்கு வெளியே, காருக்குள், போன் அடித்தது. மகளின் சிரிப்பைத்தான் ரிங்டோனாக வைத்திருந்தான். சிரித்து நின்றது. மறுபடி சிரித்தது.

"அம்மா, இது என்ன அநியாயம்? நாயைக் கட்டுங்க!" என்று வாசலில் நின்று கத்தினான். அம்மாள் விளக்கைத் துடைத்துக்கொண்டே, "சாப்பிட்டுப் படு" என்றாள்.

படுக்கை அறை ஒன்றுதான். சின்னவன் அவன் ஷூவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான், தடுக்க வலுவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுப்பிலிருந்து தோல் கருகும் நாற்றம் வந்தது. பெரியவன் காலை இழுத்து இழுத்து வந்து எதிரே உட்கார்ந்தான்.

"கேட்ல நின்னு என்ன சொன்னே?"

"சார்னு கூப்பிட்டேன்."

"அது இல்ல. நாயைப் பார்த்ததும்?"

"ஒண்ணும் சொல்லல."

"நல்லா யோசி."

யோசித்தான். சூடான மூச்சு. துள்ளல். வாயில் தானாக வந்த சத்தம். "'அம்மாடி'ன்னேன்" என்றான்.

"எல்லாரும் அதைத்தான் சொல்லுவோம்" என்றான் பெரியவன். "கால்ல முள் குத்தினா என்ன சொல்லுவே? நான் லைன்மேன். இந்த வீட்டுக்குக் கரண்ட் கொடுக்க வந்தேன். கம்பம் நட்டாச்சு, கம்பி இழுக்கிறதுதான் பாக்கி. நாய் வந்துச்சு. 'ஐயோ அம்மா'ன்னேன். அவன் டிராக்டர் ரிப்பேருக்கு வந்தவன். அந்த அம்மா ஊசி போட வந்த நர்ஸு. அவங்க வந்தப்ப இங்க வேற ஒரு அம்மா இருந்தாங்களாம். ஒருத்தருக்கு ஒருத்தர் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. நாய்க்கு மட்டும் நாம ஒரே வயித்துப் பிள்ளைங்க."

"நாயைக் கொன்னுட்டா?"

"ரெண்டைக் கொன்னோம். அன்னிக்கே ஒண்ணு ஈனுச்சு. பதினோரு குட்டி." கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினான். ஆடுசதை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. "முதல் தடவை வாயில வச்சுக் கூட்டிட்டு வரும். ரெண்டாவது தடவை இது. மூணாவது தடவை போனவங்க யாரும் இப்ப இல்ல."

"யாருமே தேடி வரலையா?"

"என் தம்பி வந்தான். தைரியசாலி. பயந்தாத்தானே வாயைத் திறப்பான்? ஒரு வார்த்தை பேசாம உள்ள கால் வச்சான்." பெரியவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "நாய்ங்க இழுத்துட்டுப் போய் அந்தக் கம்பத்துக்குக் கீழ புதைச்சிருக்கு. சொன்னவன் பிள்ளை, சொல்லாதவன் திருடன். அதுக்கு ரெண்டு கணக்குதான் தெரியும்."

அவனுக்கு முதலில் தன்னை நினைத்துத்தான் அழுகை வந்தது. அப்புறம் பால் கூட்டுறவு போர்டு ஞாபகம் வந்தது. தாண்டி இடதுபக்கம் மண்ரோடு, அது முட்டுற இடம். தன் வாயாலேயே வழி சொல்லியிருக்கிறான். நாளைக்கு ஞாயிறு, பள்ளிக்கூடம் கிடையாது. மகளை விட்டுவிட்டு வர அக்கம்பக்கத்தில் ஆளும் கிடையாது. கடவுளே, அவள் வரக்கூடாது. வந்தாலும் கேட்டைத் தாண்டக்கூடாது. விடியும்வரை இதையே மாற்றி மாற்றிச் சொன்னான். எப்போது என்று தெரியவில்லை, போனின் சிரிப்பு பாதியில் இழுபட்டு நின்றுபோனது.

காலையில் அம்மாள் தலையைக் கோதி எழுப்பினாள். "எழுந்திரு, கடைக்குட்டி. பால் ஆறுது."

அவனுக்கு நாற்பத்திரண்டு வயது.

மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. ஸ்கூட்டர். எந்தப் பனியிலும் தெரியும் அவனுக்கு. சைலன்சர் ஓட்டையை அடைக்கச் சொல்லி அவள் மூன்று மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவன்தான் தள்ளிப்போட்டான். சத்தம் கார் பக்கத்தில் நின்றது.

"அப்பா கார்!" மகளின் குரல்.

மண்வெட்டி கையிலிருந்து விழுந்தது. ஓடவேண்டும். கத்தவேண்டும். வாயைத் திறந்துவிட்டு, மூடினான். என் குரல் கேட்டால் என்ன செய்வாள் பாப்பா? ஓடி வருவாள். நேராகக் கேட்டுக்கு. கேட்காவிட்டால்? காலி கார், பாழடைந்த கேட், பயங்கர நாய். பயந்து திரும்பிப் போவார்கள். ஆளைக் கூட்டி வருவார்கள். துப்பாக்கியோடு வருவார்கள். வராமலும் போகட்டும். போகட்டும். பிழைத்துப் போகட்டும்.

வலது கையை வாய்க்குள் திணித்துக் கடித்தான். ரத்தம் உப்புக் கரித்தது.

கொட்டகைப் பலகை இடுக்கில் கேட் தெரிந்தது. மனைவியின் நீல ஸ்வெட்டர். மகளின் மஞ்சள் குல்லா. நாய் பனியிலிருந்து வெளியே வந்து அவர்கள் எதிரே நின்றது. குரைக்கவில்லை. மனைவி மகளைப் பின்னால் இழுத்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. அவள் முகம் வெளுத்திருந்தது. வாய் கட்டிவிட்டது. நல்லது. நல்லது. அப்படியே போ. பின்னாலேயே போ. மகள் உதட்டை இறுக்கிக்கொண்டு நாயைப் பார்த்தாள். பயப்படமாட்டேன் என்று சொன்ன பெண். வாக்குத் தவறாத பெண். மூன்று அடி. ஸ்கூட்டரின் கைப்பிடியை மனைவி தொட்டுவிட்டாள்.

காரணமில்லாமல் குரைக்காத இனம் அது. தூக்கத்திலும் அவன் ஒப்பிக்கிற பாடம்.

நாய் குரைத்தது. ஒரே ஒரு தடவை.

"அம்மா!"

தன் அம்மாவைத்தான் கூப்பிட்டாள். பக்கத்தில் நிற்கிறவளை. அவள் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

நாயின் முதுகு மயிர் படிந்தது. வால் ஆடியது. அது ஒதுங்கி வழிவிட்டது.

"பாரும்மா, வாலாட்டுது! ஒண்ணும் பண்ணாதும்மா!" மகள் சிரித்தாள். அதே ரிங்டோன் சிரிப்பு. ஸ்வெட்டரை விட்டுவிட்டு ஓடினாள். பளபளக்கும் தாழ்ப்பாளில் சின்னக் கை விழுந்தது. வெண்ணெய் மாதிரி திறந்தது. மஞ்சள் குல்லா உள்ளே வந்தது. நாய் குனிந்து அவள் காதை நக்கியது.

பிறகு தலையைத் தூக்கி, கேட்டுக்கு வெளியே நிற்பவளைப் பார்த்தது. உதடு மெதுவாக மேலே ஏறியது.

அவன் கொட்டகையை விட்டு ஓடினான். வெறுங்காலோடு. "உள்ள வராதே! வராதே!" குழந்தை உள்ளே. அவள் எப்படி வராமல் இருப்பாள்? அவள் வந்துகொண்டிருந்தாள். "சொல்லு! அம்மான்னு சொல்லு! சத்தமா சொல்லு!" அவளுக்குக் கேட்டது. அவனைப் பார்த்தாள். புரியவில்லை. "அம்மான்னு சொல்லுடி!" வேலி ஓரத்துப் பாறைகள் எழுந்தன. ஒன்று. மூன்று. ஏழு.

வாசற்படியில் நின்ற அம்மாள் கையிலிருந்த தட்டைத் தூசி போகத் துடைத்தாள். "கத்தாதேடா கடைக்குட்டி" என்றாள். "பிள்ளை பயந்துடும்."

மனைவி குழந்தையை நோக்கி இரு கையையும் நீட்டியபடி வலது காலைத் தூக்கிக் கேட்டுக்கு உள்ளே வைத்தாள். அவள் வாய் இறுக மூடியிருந்தது.